அக்கி: முதல் மூன்று நாள்

உடம்பில் ஒரு பக்கமாகக் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கிளம்புகிற அக்கி என்றதும் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது காவிக்கல்தான். துறையூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் "அக்கி எழுதுறவங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வேளார் வீட்டுக்கு வழி சொல்லும். பானை வனைகிற அந்தப் பெரியவர் காவிக்கல்லைத் தண்ணீர் விட்டு உரசுவார். குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி அந்தக் குழம்பில் தோய்த்து, கொப்புளங்களைச் சுற்றிக் கோடு இழுப்பார். பக்கத்தில் ஒரு சிங்கம் எழுதுவார். பிடரியும் வாலும் நாலே இழுப்பில் வந்துவிடும். காசு கேட்க மாட்டார், கொடுத்ததை வாங்கிக்கொள்வார். குளிக்கக் கூடாது, கறி மீன் கூடாது, மூன்று நாள் கழித்து மறுபடி வா என்பார்.

அந்த "மூன்று நாள் கழித்து" என்பதைப் பற்றித்தான் எழுத வந்தேன். அக்கிக்கு மருந்து இருக்கிறது, நல்ல மருந்து. ஆனால் அது முழுப் பலன் தருவது கொப்புளம் கிளம்பிய முதல் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான். நம் ஊரில் அந்த மூன்று நாள் எப்படியெல்லாம் கரைந்துபோகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

என் மாமியாருக்கு அப்போது எழுபதைத் தாண்டிய வயது. சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. ஒருநாள் காலையில் இடது மார்புக்குக் கீழே சுருக் சுருக்கென்று குத்துகிறது என்றார். வாயுவாக இருக்கும் என்று ஓமத்தண்ணீர் குடித்தார். மறுநாள் வலி முதுகுக்குப் போனது. இடப்பக்கம், மார்பு, வயதானவர், சர்க்கரை வேறு. பயந்துபோய் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். ஈசிஜி எடுத்தார்கள், இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள், தசைப்பிடிப்பு என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அவர்களையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. அன்றைக்குத் தோலில் ஒன்றுமே இல்லை. அக்கியின் சுபாவமே அதுதான். வலி முந்திக்கொள்ளும், கொப்புளம் இரண்டு மூன்று நாள் பின்னால், சில சமயம் இன்னும் தாமதமாக வரும். இடையில் இருக்கிற அந்த நாட்களில் அது நெஞ்சுவலியாக, பித்தப்பைக் கல்லாக, சிறுநீரகக் கல்லாக, பல்வலியாக எல்லாம் வேஷம் போடும். ஒரு பக்கம் மட்டும், ஒரு பட்டையாக, தொட்டால் எரிகிற மாதிரி வலி வந்தால் தினம் இரண்டு வேளை அந்த இடத்துத் தோலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஈசிஜி எடுக்கத்தான் வேண்டும். எடுத்த பிறகும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்புறம் சிவந்தது. சிவந்த இடத்தில் முத்து முத்தாக நீர் கோத்துக் கொத்தாகக் கிளம்பியது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்ததும் சொல்லிவிட்டார்: "இது அக்கிங்க. சூட்டுல வருது. ஊசி போட்டா உள்ள போயிடும், ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்க." வேளார் வீட்டுக்குப் போனார்கள். கூடவே மெடிக்கலில் ஒரு சின்ன ட்யூப் களிம்பும் வாங்கினார்கள். தோல் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தபோது ஒரு வாரம் ஓடியிருந்தது, கொப்புளங்கள் பொருக்கு கட்டத் தொடங்கியிருந்தன.

வேளார் எழுதுவதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ள எனக்கு மனமில்லை. எரிகிற தோலில் குளிர்ந்த மண் பட்டால் இதமாகத்தான் இருக்கும். கசிகிற நீரை மண் உறிஞ்சிக் காய வைக்கும். யாரோ ஒருவர் நம் வலிக்கு நேரம் ஒதுக்கி உட்கார்ந்து வேலை செய்கிறார் என்பதும் சும்மா இல்லை. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக்கியின் கொப்புளம், ஒன்றுமே செய்யாவிட்டாலும், பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் தானாகக் காய்ந்து உதிர்ந்துவிடும். காவி எழுதினாலும் உதிரும், வேப்பிலை அரைத்துப் பூசினாலும் உதிரும். அதனால் எதைச் செய்தாலும் "கேட்டது" என்று தோன்றும். கேட்காமல் போனது எது என்பது தோலுக்கு அடியில் இருக்கிறது, அது பிறகுதான் தெரிய வரும்.

இது சூட்டினால் வருவதில்லை, சிலந்தி மூத்திரம் பட்டு வருவதில்லை. சின்ன வயதில் நமக்கு அம்மை போட்டதே, அந்தச் சின்னம்மைக் கிருமிதான் இது. வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அம்மை இறங்கிவிட்டது என்று நாம் நினைத்தாலும், அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டி இருக்கிற நரம்பு முடிச்சுகளிலும், முகத்துக்குப் போகும் நரம்புகளின் முடிச்சுகளிலும் போய் ஒடுங்கிவிடும். பல பத்தாண்டுகள் அங்கேயே கிடக்கும். வயது ஏறி எதிர்ப்புச் சக்தி தளரும்போதோ, புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும்போதோ, நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடும்போதோ ஒரே ஒரு முடிச்சில் விழித்துக்கொண்டு, அந்த நரம்பின் வழியாகவே தோலுக்கு இறங்கி வரும். வருகிற வழியெல்லாம் நரம்பைப் புண்ணாக்கிக்கொண்டு வரும். வலி முன்னால் வருவதன் காரணம் இதுதான்.

இதைக் கண்டுபிடித்த கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன். பெரிய ஆராய்ச்சிக் கூடம் எதிலும் இருந்தவரில்லை. இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிறு நகரத்தில் குடும்ப மருத்துவர். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகள் ஒவ்வொருவரையும் 16 ஆண்டுகள் குறித்து வைத்தார். வயது ஏற ஏற அக்கி கூடுகிறது, 85 வயது வரை வாழ்பவர்களில் பாதிப் பேருக்கு ஒரு தடவையாவது வந்துவிடும் என்று கணக்கிட்டார். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் யெல் என்ற சிறு தீவுக்குப் போய், வெளியாட்கள் அதிகம் வராத இடத்தில் சின்னம்மை எப்படித் திரும்பத் திரும்ப முளைக்கிறது என்றும் தேடினார். வைரஸ் வெளியிலிருந்து வருவதில்லை, பெரியவர்களின் நரம்புக்குள் உறங்கி, அக்கியாக எழுந்து, பேரப்பிள்ளைகளுக்குச் சின்னம்மையாகப் போகிறது என்ற முடிவை 1965-ல் வெளியிட்டார். வீடு வீடாகப் போய் நோயாளியைப் பார்க்கிற ஒரு டாக்டரின் பொறுமையில் கிடைத்த உண்மை இது. நினைக்கும்போதெல்லாம் மரியாதை கூடுகிறது.

எங்கள் ஊரில் ஒரு பயம் உண்டு. அக்கி இடுப்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் ஆள் பிழைக்க மாட்டார் என்பார்கள். என் மாமியார் தினம் காலையில் கண்ணாடி முன்னால் நின்று, "எவ்வளவு தூரம் வந்திருக்கு, பாரு" என்று கேட்பார். முதுகுத்தண்டிலிருந்து இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என்று நரம்புகள் ஜோடி ஜோடியாகக் கிளம்புகின்றன. இடது நரம்பு விலாவோடு சுற்றி வந்து உடம்பின் நடுக்கோட்டில் நின்றுவிடும். அதனால் அக்கியும் நடுக்கோட்டோடு நின்றுவிடும், பெரும்பாலும் தாண்டாது. தாண்டிப் பல இடங்களில் சிதறிக் கிளம்பினால், எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்திருக்கிறது என்று பொருள், அதற்கு ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைத்த அன்றைக்குத்தான் அத்தை கண்ணாடியை விட்டார்.

தோல் ஆறியது. வலி ஆறவில்லை. கொப்புளம் வந்து மூன்று மாதத்துக்கு மேலும் வலி நீடித்தால் அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது, அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி. அக்கி வருகிற 100 பேரில் 10 முதல் 18 பேர் வரை இதில் மாட்டுகிறார்கள், வயதானவர்களில் இன்னும் அதிகம். அனுபவிக்காதவர்களுக்கு இதை விளக்குவது கஷ்டம். அத்தையால் ரவிக்கை போட முடியவில்லை. துணி உரசினாலே உயிர் போகும். மாமாவின் பழைய வேட்டி, துவைத்துத் துவைத்து நைந்தது, அதைக் கிழித்துத் தோளில் போட்டு, இடது பக்கம் உடம்பில் படாமல் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். "ஃபேனை அணைச்சிடும்மா, காத்து பட்டாகூட எரியுது" என்பார், சித்திரை வெயிலில். அதே இடத்தை அழுத்திப் பிடித்தால் வலி குறைவாக இருக்கும், மெல்லத் தொட்டால் தாங்காது. வந்து பார்த்த சொந்தக்காரர்கள் தோலைப் பார்த்துவிட்டு "ஆறிப்போச்சே, இன்னும் என்ன?" என்றார்கள். அந்த வார்த்தை வலியைவிட அதிகமாக அவரைப் படுத்தியது. மேலுறை கருகிப்போன மின்கம்பி மாதிரி, புண்பட்ட நரம்பு காரணமே இல்லாமல் பொறி தட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது.

இந்த வலிக்குப் பாராசிட்டமால் போதாது. காபாபென்டின், பிரீகாபாலின் என்று நரம்பு வலிக்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன. அமிட்ரிப்டிலின் என்ற பழைய மாத்திரையும் கொடுப்பார்கள். சீட்டை இணையத்தில் தேடிவிட்டு "எனக்கு மனநோய் மாத்திரையா எழுதிட்டாங்க?" என்று நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. மனச்சோர்வுக்கு வந்த மருந்துதான், ஆனால் குறைந்த அளவில் நரம்பு வலியை அடக்கும். இவை எல்லாமே மெல்ல மெல்லத்தான் வேலை செய்யும், ஆரம்பத்தில் தூக்கமும் தலைச்சுற்றலும் தரும். வயதானவர்கள் இரவில் எழுந்து பாத்ரூம் போகும்போது விழுந்துவிடக் கூடாது, அதனால் சின்ன அளவில் தொடங்கி ஏற்றுவார்கள். அத்தை விஷயத்தில் லிக்னோகெய்ன் என்ற மரமரப்பு மருந்து தடவிய ஒட்டுப் பட்டையும் உதவியது. புண் முழுக்க ஆறிய தோலில்தான் ஒட்ட வேண்டும். வலி ஒரே நாளில் போகவில்லை. ஒருநாள் ரவிக்கை போட்டார், ஒருநாள் கோயிலுக்குப் போனார், அப்படித்தான் விலகியது.

சரி, ஆரம்பத்திலேயே போயிருந்தால் என்ன கொடுத்திருப்பார்கள்? அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். அல்லது வலாசைக்ளோவிர், ஒரு கிராம், மூன்று வேளை. ஃபாம்சிக்ளோவிர் என்று இன்னொன்றும் உண்டு. அசைக்ளோவிரின் சூட்சுமம் அழகானது. உடம்பெல்லாம் போகும், ஆனால் சாதாரண செல்லில் அது அநேகமாகச் சும்மா இருக்கும். வைரஸ் புகுந்த செல்லில் மட்டும் அந்த வைரஸின் நொதியே அதை விழிக்கவைத்து, தன் பெருக்கத்துக்குத் தானே முட்டுக்கட்டை போட்டுக்கொள்ளும். இந்த மருந்து பிறந்த ஆய்வுக்கூடத்தை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியனுக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் வைரஸ் பெருகுவதைத்தான் இது தடுக்கும், ஏற்கெனவே புண்ணான நரம்பைச் சரிசெய்யாது. 72 மணி நேரக் கணக்கு அதனால்தான். புண் சீக்கிரம் காயும், ஆரம்ப வலி குறையும். பிந்தைய வலியை முழுக்கத் தடுத்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது, அதைச் சொல்லிவிட வேண்டும். மூன்று நாள் தாண்டிவிட்டாலும் புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால் மருத்துவர்கள் கொடுப்பதுண்டு, ஆகவே "லேட் ஆகிவிட்டதே" என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

மெடிக்கலில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறார்களே அந்த அசைக்ளோவிர் களிம்பு, அது அக்கிக்கு ஆகாது. வைரஸ் நரம்புக்குள் இருக்கிறது, தோல் மேல் தடவுவது அங்கே எட்டாது. களிம்பு போட்டுக்கொண்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் நாள் போய்விடுவதுதான் பெரிய நஷ்டம்.

என் அண்ணனுக்கு வந்தது நெற்றியில். வலது புருவத்துக்கு மேல் சிவந்து, மறுநாள் மூக்கு நுனியில் ஒரு கொப்புளம். அத்தை கதை வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் அன்றைக்கே தோல் மருத்துவரிடம் ஓடினோம். அவர் மூக்கு நுனியைப் பார்த்ததும் சீட்டு எழுதி, "இப்பவே கண் டாக்டரப் பாருங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க" என்றார். மூக்கு நுனிக்கும் கண்ணுக்குள்ளும் போவது ஒரே நரம்பின் கிளை. நுனியில் கொப்புளம் என்றால் கருவிழியும் பாதிக்கப்படலாம், விட்டால் பார்வை போகும். அசைக்ளோவிரை அண்ணன் காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று போன் அலாரம் வைத்து விழுங்கினார். கண் தப்பியது. இதே போல காதிலும் காதைச் சுற்றியும் கொப்புளம் வந்து அந்தப் பக்கம் வாய் கோணினால், கண் மூட முடியாமல் போனால், அதுவும் அவசரம். பக்கவாதம் என்று பயந்து ஓடினாலும் நல்லதுதான், ஆஸ்பத்திரிக்குத்தானே போகிறோம்.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களுக்கு ஒட்டுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அக்கி அக்கியாக ஒட்டாது. ஆனால் கொப்புளத்து நீரில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. சின்னம்மையும் வராத, அதற்கான தடுப்பூசியும் போடாத ஒருவர் மேல் பட்டால் அவருக்குச் சின்னம்மை வரலாம். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் சின்னம்மை வராமலே பெரியவர்களானவர்கள் கணிசம். அதனால் பொருக்கு முழுக்கக் காயும்வரை புண்ணைத் துணியால் மூடி வையுங்கள், துண்டு தனியாக இருக்கட்டும், வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவரோ இருந்தால் நெருங்க வேண்டாம். அதற்காக நோயாளிக்குத் தனித்தட்டு வைத்து மூலையில் உட்கார வைக்க வேண்டியதில்லை. இருபது முப்பது வயதுக்காரருக்கு அக்கி வந்தால் மருத்துவர் எச்ஐவி பரிசோதனை எழுதலாம். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. எதிர்ப்புச் சக்தி ஏன் குறைந்தது என்று தேடுகிறார், அவ்வளவுதான்.

இனி தடுப்பூசி. இதன் வேர் ஜப்பானில் இருக்கிறது. மிச்சியாக்கி தகாஹாஷி அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, 1964-ல், அவருடைய சின்னப் பையனுக்குச் சின்னம்மை கடுமையாக வந்தது. ஊர் திரும்பி அதற்கே தடுப்பூசி கண்டுபிடிப்பதில் இறங்கி, 1974-ல் கொண்டுவந்தார். அவர் பலவீனப்படுத்திய அதே வைரஸை மிக அதிக அளவில் வைத்து, பெரியவர்களின் அக்கிக்காக ஜோஸ்டாவாக்ஸ் 2006-ல் வந்தது. ஏறக்குறையப் பாதி அளவுக்கு அக்கியைக் குறைத்தது. உயிருள்ள வைரஸ் என்பதால், அதிகம் தேவைப்பட்ட எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கே போட முடியவில்லை.

2017-ல் ஷிங்ரிக்ஸ் வந்தபோது கணக்கு மாறியது. இதில் உயிருள்ள வைரஸ் இல்லை, வைரஸின் மேலுறையில் உள்ள ஒரே ஒரு புரதம்தான். அதோடு உடம்பைத் தட்டி எழுப்ப ஒரு துணைப்பொருள். அந்தத் துணைப்பொருளின் ஒரு பகுதி சிலி நாட்டின் கில்லாயா மரப்பட்டையிலிருந்து எடுக்கிறார்கள். இரண்டு ஊசி, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில். 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வில் அக்கியை 97 சதவீதம் தடுத்தது, 70 வயதுக்கு மேல் 91 சதவீதம். வயதானவர்களிடம் தடுப்பூசிகள் பொதுவாக மங்கிப்போகும். இது மங்கவில்லை என்பதுதான் பெரிய செய்தி. இந்தியாவில் 2023-லிருந்து கிடைக்கிறது. ஏற்கெனவே அக்கி வந்தவர்களும் புண் ஆறிய பிறகு போட்டுக்கொள்ளலாம், மறுபடி வராமலிருக்க. வந்துகொண்டிருக்கும் அக்கிக்கு இது மருந்தாகாது.

இன்னொரு விஷயம், 2025-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. வேல்ஸ் நாட்டில் 2013-ல் பழைய ஜோஸ்டாவாக்ஸைப் போடத் தொடங்கியபோது ஒரு தேதிக் கோடு போட்டார்கள். 1933 செப்டம்பர் 2-க்கு முன்னால் பிறந்தவர்களுக்கு ஊசி இல்லை, அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு உண்டு. சில வாரங்கள் முன்பின் பிறந்தவர்களுக்குள் வேறென்ன வித்தியாசம் இருக்கப்போகிறது? ஏழு ஆண்டு கழித்துப் பார்த்தால், ஊசி போட்டுக்கொண்டவர்களில் மறதி நோய் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஏன் என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது. மறதிக்காக ஊசி போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அக்கிக்காகவே போடலாம்.

விலைதான் இடிக்கிறது. ஒரு ஊசி பத்தாயிரம் ரூபாய்க்கு மேல், அப்படி இரண்டு. பிரிட்டனில் குறிப்பிட்ட வயதுக்காரர்களுக்கு அரசே இலவசமாகப் போடுகிறது. நம் நாட்டின் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை, சின்னம்மைத் தடுப்பூசியே இல்லை. சர்க்கரை நோயாளிகள் இவ்வளவு பேர் இருக்கிற ஊரில், அவர்களுக்காவது கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவரலாம் என்பது என் ஆசை. அதுவரை, வாங்க முடியாதவர்களுக்கு அந்த மூன்று நாள்தான் இருக்கிறது. அசைக்ளோவிர் இந்திய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது, ஊசியோடு ஒப்பிட்டால் பல மடங்கு மலிவு. வேளார் வீட்டுக்குப் போகிறவர்கள் போகட்டும். முதல் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போகட்டும், கசிகிற புண் மேல் மட்டும் மண் படாமல் பார்த்துக்கொள்ளட்டும். எழுதுகிற வேளார்களிடமே இதைச் சொல்லிவைத்தால் இன்னும் நல்லது. அக்கியை முதலில் பார்க்கிற கண் அவர்களுடையது. நெற்றியிலும் கண்ணருகிலும் வந்தால் "போய் டாக்டரப் பாரு" என்று அவர்கள் சொன்னால் ஊர் கேட்கும்.

எங்கள் வீட்டில் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு மோதிரம் எடுக்கலாமென்று பேச்சு வந்தபோது, அந்தப் பணத்தில் அப்பா அம்மா இரண்டு பேருக்கும் ஊசி போடலாம் என்றார் அண்ணன். அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஊசி போட்ட கை ஒன்றரை நாள் தூக்க முடியவில்லை, அப்பாவுக்கு இரவில் காய்ச்சலும் உடம்பு வலியும் இருந்தது, பாராசிட்டமாலில் அடங்கியது. அடுத்த ஊசி தை மாதத்தில். முதல் ஊசியோடு நின்றுவிடுகிறவர்கள் உண்டு என்பதால் தேதியை இப்போதே காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.